தவறாகக் கேட்டவர்

முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு 'க்' விழுந்துபோயிருந்தது. அமலோற்பவம் சிவப்புப் பேனாவால் இடம் காட்டி, கோடு இழுத்து, ஓரத்தில் அதை எழுதினாள். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. முப்பத்திரண்டு வருடம் நாளிதழில் மெய்ப்புப் பார்த்த கை. எழுதியவன் நல்லவனா திருடனா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிராது, பிழை கண்ட இடத்தில் கொத்தும். இன்றைக்கு அந்தக் கையைத்தான் கட்டிப்போட வேண்டும். இன்னும் நான்கு பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மேலிருந்து ஆறாவது வரியில் ஒரு பிழை இருக்கிறது. இந்தப் புத்தகத்திலேயே பெரிய பிழை, அட்டை வரைக்கும் ஏறி உட்கார்ந்துவிட்ட பிழை. அதைத் தொடாமல் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான்கு மணிக்கு அச்சகத்திலிருந்து கன்னியப்பன் வந்து மெய்ப்புத் தாள்கட்டை வாங்கிக்கொண்டு போவான். அடுத்த மாதம் தமிழில் மூன்றாம் பதிப்பு, வருடக் கடைசியில் டெல்லியில் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் வந்த மறுநாள் நீலமேகம் என்ற பெயரைச் சொன்னால் ஊர் சிரிக்கும். இருபத்தெட்டு வருடம் இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். நடுவில் அப்பா செத்தார், தங்கைக்குக் கல்யாணம் ஆனது, ஓய்வு பெற்றாள், கண்ணில் புரை எடுத்தாள். ஆனால் இதற்காகவும் காத்திருந்தாள். மின்சாரம் போய் முக்கால் மணி நேரம். காற்றாடி நின்றதில் தாள்கள் அசையாமல் கிடந்தன, மேலே கல் வைக்கத் தேவையில்லை. கழுத்து வேர்வை இறங்கி ரவிக்கைக்குள் போனது. வெளியே பொன்மலைப்பட்டித் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அல்லது இருந்தும் அவளுக்குக் கேட்கவில்லை. இடது காதில் ஒரு வருடமாகவே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், அவர் சொன்னதும் சரியாகக் கேட்கவில்லை.

நீலமேகம் அந்த நாளிதழின் ஞாயிறு மலருக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவர். இப்போது எண்பத்தொரு வயது, உறையூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. 'மந்தமான ஒரு கோடை' அவருடைய புத்தகம். மேல்நாட்டு ராக் பாடகர்களையும் ஃபோக் பாடகர்களையும் பற்றித் தமிழில் இப்படி ஒன்று வந்ததில்லை என்று பின்னட்டை பீற்றிக்கொள்ளும். பின்னட்டையையும் அவள்தான் திருத்தினாள், 'பீற்றிக்கொள்ளும்' என்று திருத்தவில்லை. கவிதை எழுதுகிறவர்கள் அந்தத் தலைப்பை வைத்துக் கவிதை எழுதினார்கள். கருத்தரங்குகளில் 'நீலமேகத்தின் கோடை' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள், ஏதோ அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்தது போல. எல்லாம் ஒரு வாக்கியத்தால் வந்தது. 'மந்தமான ஒரு கோடையில் அவள் தனக்குத் தானே துணையாகப் பாடுகிறாள்.' கோரா மேபெரி என்ற அமெரிக்க மலைநாட்டுப் பாடகியைப் பற்றிய வாக்கியம் அது. முதன்முதலில் மலரில் வந்தபோது கம்பாசிட்டர் 'கோர மேபெரி' என்று அடுக்கியிருந்தார். அமலோற்பவம்தான் துணைக்கால் போட்டு அந்தம்மாளின் முகத்தைக் காப்பாற்றினாள். அவள் எழுதிய வாக்கியத்துக்கு, நீலமேகத்தின் பெயருக்குக் கீழே வந்திருந்த வாக்கியத்துக்கு, அவளே துணைக்கால் போட்டாள். அதை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது. போட்டிருக்கக் கூடாது. கோரமாகவே விட்டிருக்கலாம்.

முப்பத்தெட்டு. இந்தப் பக்கம் டிரம்ஸ் அடிப்பவர்களைப் பற்றியது. 'இவர்கள் தாளம் போடுவதில்லை, தாளத்தை நிறுத்திவைக்கப் பார்க்கிறார்கள், அது திமிறுகிறது.' இதுவும் அவளுடையதுதான், இதில் 'திமிறுகிறது' மட்டும் அவர் சேர்த்தது. நன்றாகத்தான் சேர்த்திருக்கிறார், பாவி. பக்கத்து வீட்டு நோயல் அங்கிளின் ஜன்னல் வழியாக வந்த சங்கீதம் அது. ரயில்வே காலனியில் அவர்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு முருங்கை. நோயல் பட்டறையில் ஃபோர்மன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடியும் முன்பே எப்படியோ வீட்டுக்கு வந்து, பனியனோடு நின்று, இசைத்தட்டைத் துணியால் துடைத்து வைப்பார். "அமலா, கம் கம், உங்கப்பாவோட கொதிகலன் பாடுது பார்" என்பார். அது கேலி இல்லை. அப்பா கொதிகலன் பிரிவில் இருந்தவர். அவர் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த பெண்ணுக்கு எலெக்ட்ரிக் கிதாரின் அலறல் புதிதாக இல்லை. இரும்பை இரும்பால் தேய்த்தால் அப்படித்தான் கத்தும். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டதில் அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. இடது கைக்காரரான ஹென்றிக்ஸ் வலது கைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார் என்று நோயல் சொன்ன அன்று ராத்திரி முழுக்கத் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தாள். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, மேலே 'கேட்டவை' என்று தலைப்பு. பத்திரிகை ஆபீஸில் ராக்கைப் 'பாறை இசை' என்று போடச் சொல்லி உத்தரவு. சம்பத் என்ற உதவியாசிரியர் 'பொன்மலையில அமலோற்பவம் பாறையில உக்காந்து பாறை கேக்குதாம்' என்று சிரிக்க வைப்பார். சிரிக்கட்டும் என்று விட்டாள். பேஸ் கிதார் வாசிப்பவனைப் பற்றி அவள் எழுதியது: 'இவன் மெய்ப்புப் பார்ப்பவனைப் போல. இருக்கும்வரை இருப்பது தெரியாது. ஒரு நிமிடம் கையை எடுத்தால் எல்லாம் அசிங்கமாகிவிடும்.' அந்த நோட்டில் நீலமேகம் எடுத்துக்கொள்ளாமல் விட்ட ஒரே பகுதி அதுதான்.

முப்பத்தொன்பது. ஒரு சனிக்கிழமைக்கு அவள் மறுபடி மறுபடி போய் நிற்கிறாள். எழுபத்தொன்பது, மே. நோயலின் மருமகன் கப்பலில் வேலை பார்த்தவன், எங்கோ ஒரு வெளிநாட்டு வானொலியில் பதிவு செய்த கேசட் அனுப்பியிருந்தான். நடுநடுவே அறிவிப்பாளர் பேசுவார், ஒரு கனத்த குரல், மூக்கால் பேசுகிற ஆங்கிலம். அமலோற்பவம் மதிலுக்கு இந்தப் பக்கம் முருங்கை நிழலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கூந்தல் காயவில்லை, முதுகு ஈரம். கோரா மேபெரியின் பெயரைச் சொல்லி, 'அக்கம்பனியிங் ஹெர்ஸெல்ஃப்' என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தபோது பட்டறைச் சங்கு ஊதியது. பொன்மலைச் சங்கு ஊதினால் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். அந்த ஊளையின் ஓரத்தில் மிஞ்சியதை அவள் பிடித்தாள்: 'ஆன் எ டல் சம்மர்.' பிறகு பாட்டு வந்தது. கிழவியும் இல்லாத, குமரியும் இல்லாத ஒரு பெண்ணின் குரல், அடியில் தேனீ போல ரீங்கரிக்கிற ஏதோ ஒரு கம்பி. அந்தக் கம்பி எது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண் மந்தமான ஒரு கோடையில், வேறு ஆள் கிடைக்காததால், தனக்குத் தானே துணையாக இருந்து பாடுகிறாள். அதை ஒருவன் உலகத்துக்கே அறிவிக்கிறான். இருபத்தேழு வயது, மாப்பிள்ளை பார்ப்பதை வீட்டில் நிறுத்திவிட்ட வருடம். வாக்கியத்தை எழுதி, அருகில் அடைப்புக்குறிக்குள் 'சங்கு ஊதியதால் சரியாகக் கேட்கவில்லை' என்றும் எழுதினாள். நாளிதழில் வேலை பார்த்த நேர்மை. திரும்பப் போடச் சொல்லி நோயலிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வாரம் இயந்திரம் அந்த நாடாவைத் தின்றுவிட்டது.

பிறகு நீலமேகம் வந்தார். வந்தார் என்றால், மெய்ப்புப் பிரிவுக்கு வந்தார், அது கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஆசிரியர் குழு ஆட்கள் யாரும் வரமாட்டார்கள். "என்னம்மா அமலோற்பவம், நோட்டுல என்னமோ எழுதுறியாமே? சம்பத் சொன்னான். குடு, பாத்துட்டுத் தர்றேன்." அவள் கொடுத்தாள். கொடுத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை இப்போது மறைப்பானேன்? இரண்டு மாதம் கழித்து நோட்டு வந்தது, அதற்கு முன் தொடர் வந்துவிட்டது. முதல் வாரம் பெயர் இல்லை. இரண்டாம் வாரம் 'நீலமேகம்'. அவள் மாடிக்கு ஏறினாள். அறைக் கதவில் கரும்பலகை மாதிரிப் பச்சை வண்ணம், ஞாபகம் இருக்கிறது. "சார், அது என்னோடது மாதிரி..." என்றாள். மாதிரி. அந்த 'மாதிரி'யை நினைத்து இத்தனை வருடத்தில் எத்தனை தடவை தன்னையே அறைந்துகொண்டிருப்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "கேட்டது நீயா இருக்கலாம்மா. எழுதுறதுன்னா வேற. மெய்ப்புப் பிரிவு பேர்ல எழுத்து வந்தா நிர்வாகம் சும்மா இருக்குமா? உன் வேலை நிரந்தரமாகிற நேரம். போ, போய்ப் பாரு." போய்ப் பார்த்தாள். மூன்றாம் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் பார்த்தாள், பிழை இல்லாமல். புத்தகம் வந்தபோது புத்தகத்தைப் பார்த்தாள். 'நன்றி' பக்கத்தில் மனைவி பெயர், மூன்று பேராசிரியர்கள் பெயர், காபி வாங்கி வந்த பியூன் பெயர்கூட இருந்தது. 'பியூன்' என்பதில் ஒரு பிழை இருந்தது, திருத்தினாள்.

நாற்பது. இந்த இடத்தில் மனம் எப்போதும் இனிக்கும். தொண்ணூற்றொன்று, நோயல் குடும்பம் பெர்த்துக்குக் கிளம்பிய வருடம். வாசலில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். "எடுத்துக்கோ அமலா, ஆஸ்திரேலியால சங்கு கிடையாதாம், எப்படித் தூங்கி எழுந்திரிக்கப் போறேனோ" என்று நோயல் ஒரு கட்டு இசைத்தட்டைக் கையில் திணித்தார். எல்லாம் மருமகன் பிற்பாடு கொண்டுவந்தவை. மூன்றாவதாக இருந்தது கோரா மேபெரி. உறையில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குறுக்காக ஒரு வாத்தியம், இடுப்புச் சிறுத்த நீளமான மரப்பெட்டி, மேலே மூன்று நான்கு கம்பிகள். கீழே அச்சிட்டிருந்தது. மெய்ப்புக்காரி அல்லவா, எழுத்தெழுத்தாகப் படித்தாள். டல்-சி-மர். டல்சிமர். அந்தப் பெட்டியின் பெயர். தானே டல்சிமரைப் பக்கவாத்தியமாக வாசித்துக்கொண்டு பாடுகிறார் என்று அந்த மூக்குக்காரர் அறிவித்திருக்கிறார், அவ்வளவுதான். கோடையும் இல்லை, மந்தமும் இல்லை, துணையும் இல்லை. முதலில் முகம் சுட்டது. பிறகு, தெருவிலேயே, நோயலின் பழைய மீன்தொட்டி மேல் உட்கார்ந்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நோயலின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், பிரிவுத் துயரம் என்று நினைத்திருப்பாள். திருடன் கொண்டுபோனது பித்தளை. பித்தளையைத் தங்கம் என்று ஊரெல்லாம் காட்டி, மாலை போட்டுக்கொண்டு, அதன் பெயரிலேயே புத்தகம் போட்டிருக்கிறான். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு குளிர்ச்சி. அவர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் மெய்ப்பு அனுப்பினார், ஒவ்வொன்றையும் பார்த்துக் கொடுத்தாள். "நீ பாத்துட்டா நான் திரும்பப் பாக்கறதே இல்லம்மா" என்பார். தெரியும் சார் என்பாள்.

காட்சியும் தயாராக இருந்தது, பல வருடம் தேய்த்துப் பளபளப்பாக்கிய காட்சி. டெல்லியில் ஒரு மண்டபம், குளிரூட்டியது. மேடையில் நீலமேகம், பக்கத்தில் மொழிபெயர்த்த பெண். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைப் படிக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் யாரோ கை தூக்குகிறார்கள். சில நாள் அது தாடி வைத்த வெள்ளைக்காரன், சில நாள் மூக்குக்கண்ணாடி போட்ட பெண். 'ஐயா, டல்சிமர் என்று ஒரு வாத்தியம் உண்டே, நீங்கள் பார்த்ததுண்டா?' முதலில் ஒருவர் சிரிக்கிறார். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகிறது. நீலமேகம் கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் முழங்காலைப் பார்க்கிறார். அந்த முழங்கால் வரைக்கும் அவள் துல்லியமாக வைத்திருந்தாள். மண்டபத்தில் தன்னை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் ஒருபோதும் ஒத்துவரவில்லை. கடைசி வரிசையில் வைத்தால் காது கேட்காது. முன்னால் வைத்தால், யாராவது திரும்பி, இப்படி ஒரு மடத்தனமாக முதலில் கேட்டது யார் என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயம் சிறு கல் மாதிரி செருப்புக்குள் கிடந்தது. பித்தளையை வார்த்தது அவள்தானே. அவர் அவமானப்படுகிற அதே விநாடியில் அவளும்தான் படுவாள், யாருக்கும் தெரியாமல், தனியாக. படட்டும். அவளுக்கு அது பழக்கம்.

தொலைபேசி அதிர்ந்தது. மேசை நடுங்கியதால்தான் தெரிந்தது. வலது காதில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, எதுவரைக்கும் வந்திருக்க?" நீலமேகம்தான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"நாப்பது முடிச்சிட்டேன் சார்."

"அப்ப கோடைக்கு வந்துட்ட! அடிக்கிற வெயிலுக்கு நாமெல்லாம் மார்ச்லயே வந்துட்டோம்." அவரே சிரித்துக்கொண்டார். "அந்த எடத்துல கை வச்சிடாத. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மொழிபெயர்க்கிற பொண்ணு போன மாசம் போன் பண்ணினா. சார், அது கோடை இல்ல, டல்சிமர்னு ஒரு வாத்தியம்னா."

அமலோற்பவம் பேனாவை மூடி வைத்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியும்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்னேன். எண்பத்தாறுலயே ஒரு சிங்கப்பூர் வாசகர் லெட்டர் போட்டார். தெரிஞ்சுதான் விட்டேன். டல்சிமர்னு போட்டா அது தகவல். கோடைன்னு போட்டா இலக்கியம். அந்தப் பொண்ணு அப்படியே சொக்கிப் போயிட்டா. இதைவிட அழகான பிழையை நான் பாத்ததில்ல, எப்படி வந்துச்சுன்னு முன்னுரையில எழுதுங்க சார்னா. எழுதிட்டேன். மூணு பக்கம். இங்கிலீஷ்லயும் அதத்தான் முதல்ல போடறாங்களாம். கட்டுக்கு அடியில இருக்கும், பாத்தியா?"

"இன்னும் பாக்கல."

"பாரு. தப்பாக் கேக்கறதுக்கும் ஒரு காது வேணும்மா. எல்லாருக்கும் அமையாது."

காதில் இரைச்சல் ஏறியது. வலது காதிலா இடது காதிலா தெரியவில்லை. "யாரு கேட்டது சார்?"

"என்ன?"

"யாரு கேட்டது அதன்னு கேட்டேன்."

"நாந்தாம்மா. வேற யாரு?" என்றார் அவர். குரலில் ஒரு நெருடலும் இல்லை, ஒரு தயக்கமும் இல்லை. "உனக்கும் வயசாயிடுச்சு போ. சரி, நாலு மணிக்குக் கன்னியப்பன் வருவான், குடுத்துடு."

வைத்துவிட்டார். அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பொய்யனின் குரல் எப்படி இருக்கும் என்று மாடி அறையில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அதில் ஓர் எச்சரிக்கை இருந்தது, ஒரு கணக்கு இருந்தது. இதில் எதுவும் இல்லை. அவர் நம்புகிறார். நாற்பது வருடம் சொல்லிச் சொல்லி, அந்தச் சனிக்கிழமையை அவர் உண்மையாகவே வாழ்ந்து முடித்துவிட்டார். இனிப் பழிவாங்க அங்கே ஆளே இல்லை. திருடியவன் எப்போதோ செத்து, அவன் உடம்பில் நல்ல மனிதர் ஒருவர் குடியிருக்கிறார், அவளுக்கு வயதாகிவிட்டது என்று வருத்தப்படுகிறார். எண்பத்தாறு. அவளுக்குத் தெரிவதற்கு ஐந்து வருடம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மீன்தொட்டி மேல் உட்கார்ந்து சிரித்ததெல்லாம், அந்தக் குளிர்ச்சியெல்லாம், மண்டபம், முழங்கால், எல்லாம். சரியாகக் கேட்டோமா என்று ஒரு கணம் தன் காதையே சந்தேகித்தாள். எண்பத்தாறு என்றாரா, தொண்ணூற்றாறு என்றாரா? எதுவாக இருந்தால் என்ன? கட்டைப் புரட்டி அடியிலிருந்து மூன்று தாளை உருவினாள். தனியாகப் பின்னால் அச்சுக் கோத்தது, எழுத்து கொஞ்சம் பெரிது. 'ஒரு பிழையின் கதை' என்று தலைப்பு. '1979 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. உறையூர் விடுதி அறையின் ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்தேன்.' உட்கார்ந்திருந்தாராம். 'தலை ஈரம் காயவில்லை.' அவள் நிறுத்தினாள். தலை ஈரத்தை நோட்டில் எழுதியிருந்தாளா? எழுதியிருப்பாள், அப்போதெல்லாம் எதைத்தான் எழுதவில்லை. அடுத்த வரி. 'அறிவிப்பாளர் வாத்தியத்தின் பெயரைச் சொன்ன அந்தக் கணத்தில் எங்கிருந்தோ ஒரு சங்கு ஊதியது.' எங்கிருந்தோ. பட்டறைச் சங்கைப் பெயர்த்து உறையூருக்குக் கொண்டுபோய்விட்டார், எங்கே நட்டுவைப்பது என்று மட்டும் தெரியவில்லை. வாக்கியத்தை எடுத்தவர் இப்போது பிழையையும் எடுத்துக்கொண்டார். நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த அசட்டுத்தனம், அவளுக்கு என்று மிச்சமிருந்த ஒரே சொத்து, அதற்கும் 'நான்' போட்டுவிட்டார். அவள் முதல் தடவையாக அந்தப் பிழையை ஆசையோடு பார்த்தாள். அழகான பிழையாமே. யாரோ ஒரு பெண், டெல்லியில், சொக்கிப்போனாளாமே. முகம் தெரியாத அந்தப் பெண் மீது திடீரென்று ஒரு வாஞ்சை வந்தது. அவள் சொக்கியது என் காதுக்கு.

மூன்று மணி பத்து. கிழித்துப் போடலாம். போட்டால் மறுபடி அச்செடுப்பார்கள். நாற்பத்தொன்றைத் திருத்தி டல்சிமர் என்று போடலாம், கோடையைக் கொல்லலாம். கொல்ல மனம் வரவில்லை, பெற்றவள் அவள். உண்மையைச் சொல்லி யாருக்காவது கடிதம் எழுதலாம். ஓய்வுபெற்ற மெய்ப்புக்காரியின் கடிதத்துக்கு என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியும், அப்படிப்பட்ட கடிதங்களைக் கட்டுக்கட்டாகக் குப்பைக்கூடையில் பார்த்தவள். கை மட்டும் சும்மா இல்லை. அது மூடியைக் கழற்றிவிட்டது. முதல் வரியில் 'நான்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. ஓரத்தில், தெளிவாக, அச்சுக்கோப்பவருக்குப் புரிகிற உருண்டை எழுத்தில்: அமலோற்பவம். 'உறையூர் விடுதி அறையின் ஜன்னலோரம்' வெட்டு. 'பொன்மலை ரயில்வே காலனியில் மதிலோரம்.' 'எங்கிருந்தோ ஒரு சங்கு' வெட்டு. 'பட்டறைச் சங்கு.' இதுவும் மெய்ப்புதானே. மூலத்தோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதைச் சரிசெய்வது. மூலம் அவளிடம் இருக்கிறது. அச்சகத்தில் ஓரத்தில் இருப்பதை அடிப்பார்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டார்கள். உறையூர்க்காரருக்குக் கண் தெரியாது, தெரிந்தாலும் அவள் பார்த்ததை அவர் பார்த்ததில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் 'நீலமேகம்' என்று அவருடைய கையொப்பம் அச்சாகியிருந்தது. அதைத் தொடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், சாட்சிக் கையெழுத்தாக.

வினைமுற்றில்தான் மாட்டினாள். 'உட்கார்ந்திருந்தேன்.' எழுவாயை மாற்றினால் வாலை மாற்ற வேண்டும். 'ேன்' வெட்டி 'ாள்' என்று எழுதினாள். உட்கார்ந்திருந்தாள். கேட்டாள். எழுதினாள். நாலைந்து வால் மாற்றிய பிறகு பேனா நின்றது. நாளிதழில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது, யாரும் எழுதி ஒட்டாத வழக்கம், ஆனால் மெய்ப்புப் பிரிவில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அமைச்சர் வந்தார், அமைச்சர் மனைவி வந்தார், கல்லூரி முதல்வர் வந்தார். கீரைக்காரி வந்தாள், வேலைக்காரி வந்தாள், கிணற்றில் விழுந்த பெண் இறந்தாள். குடத்தோடு மறியல் செய்தால் 'செய்தனர்'. பெண்கள் கூட்டமாக நின்றால் 'ர்' கிடைக்கும், தனியாக நின்றால் 'ள்'. எத்தனை ஆயிரம் பெண்களுக்கு அவள் தன் கையால் 'ர்' வெட்டி 'ள்' போட்டிருப்பாள், தகுதி பார்த்து, அளவு பார்த்து, துணி கத்தரிப்பது போல. ஒரு வாத்தியாரம்மாவுக்கு 'ர்' போடலாமா என்று இரண்டு பேர் அரை மணி நேரம் வாதாடியதும் உண்டு, 'உயர்நிலைப் பள்ளியா, ஆரம்பப் பள்ளியா, அதச் சொல்லு முதல்ல' என்று. அமலோற்பவம் தான் எழுதிய 'ள்'களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அடித்தாள். பக்கத்தில் 'ர்'. உட்கார்ந்திருந்தார். கேட்டார். 'தவறாகக் கேட்டேன்' என்பது நான்கு இடத்தில் வந்திருந்தது, நான்கிலும் 'தவறாகக் கேட்டார்'. மூன்று பக்கத்தில் இருபத்தாறு 'ர்'. கோணலாக விழுந்த கடைசி இரண்டை மறுபடி அழுத்தித் திருத்தமாக எழுதினாள், அச்சுக்கோப்பவர் 'ள்' என்று படித்துவிடக் கூடாது. பிறகு நாற்பத்தொன்றுக்குத் திரும்பி, ஆறாவது வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, ஒன்றும் செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

கன்னியப்பன் நான்கு பத்துக்கு வந்தான். ஐம்பது வயது, ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையிலிருந்து ஆவி பறந்தது. இருபது வருடமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறான். "இந்த வெயில்ல கரண்டும் இல்லாம எப்படிக்கா உக்காந்திருக்கீங்க? நம்ம சார் பேசாம மந்தமான ஒரு குளிர்காலம்னு எழுதியிருக்கலாம்." தண்ணீரை நின்றபடியே அண்ணாந்து குடித்தான். கட்டை வாங்கி, வழக்கம்போல் கட்டைவிரலால் சரசரவென்று ஓட்டிப் பார்த்தான். மேலே வைத்திருந்த மூன்று தாளில் கண் நின்றது. "என்னக்கா, முன்னுரை முழுக்க ரத்தமா இருக்கு?"

"சரிபார்த்தேன்."

"சார்கிட்ட ஒரு தடவ காட்டணுமா?"

"நான் பாத்ததை அவர் பாக்கறதில்ல."

"அதுவும் சரி." அவன் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஓரத்து எழுத்தை, அச்சகக்காரர்கள் படிப்பது போல, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். "அ-ம-லோற்-பவம். அமலோற்பவம் கேட்டார்... அமலோற்பவம் எழுதினார்..." நிமிர்ந்தான். புரூஃப் அக்கா என்று கூப்பிட்டே பழகியவன். "யாருக்கா இவங்க?"

"புத்தகம் எழுதினவங்க" என்றார் அமலோற்பவம்.